நம்பர் மாறினால் நாலு பேருக்குச் சொல்லுங்கள்!

விடியற்காலை ஐந்தே கால் மணி. பால் பாக்கெட்டுகூட இன்னும் வாசலில் வந்து விழவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த போன் ‘டிங்’ என்றது. அரைத் தூக்கத்தில் எடுத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் யாரோ பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். அழுத்தினேன்.

“கண்ணு, எழுந்தாச்சா? ராத்திரி இங்கே நல்ல மழை. கொல்லையிலே முருங்கை முறிஞ்சு விழுந்துட்டுது. நீ பனியிலே நிக்காதே. தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்க.”

வயதான ஓர் அம்மாளின் குரல். குரலில் அவ்வளவு வாஞ்சை! ஆனால் எனக்கு இரண்டு பாட்டிமாரும் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. முருங்கையும் கிடையாது, கொல்லையும் கிடையாது. நான் குடியிருப்பது மூன்றாவது மாடியில்!

யாரோ பாவம், நம்பரை மாற்றி அழுத்திவிட்டார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அதே ஐந்தே கால் மணிக்கு மறுபடியும் ‘டிங்’. “கண்ணு, இன்னிக்குக் கிருத்திகை. கோயிலுக்குப் போகாட்டியும் பரவாயில்லை, ஒரு விளக்கை ஏத்தி வை.” மூன்றாம் நாள், ஊரில் பசு கன்று போட்ட சமாசாரம். “அம்மா, நீங்கள் தேடும் நபர் நான் அல்ல” என்று எழுதி அனுப்பிப் பார்த்தேன். பலன் இல்லை. எழுத்தைப் படிக்கிறவராக இருந்தால் அல்லவா பலன் இருக்கும்?

அந்த நம்பர் எனக்கு வந்து பத்து நாட்கள்தாம் ஆகியிருந்தன. காரியாலய உபயோகத்துக்கென்று தனியாக ஒரு நம்பர் இருக்கட்டுமே என்று புதிதாக வாங்கியது. ‘புதிதாக’ என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய புடவை புதுப் புடவையாகத்தான் இருக்கும். கடையில் வாங்கிய போன் நம்பர் அப்படி இல்லை, சகோதரிகளே! அது அநேகமாக வாடகை வீடு மாதிரி. நமக்கு முன்னால் யாரோ குடியிருந்திருப்பார்கள். சுவரில் அவர்கள் அடித்த ஆணிகூட அப்படியே இருக்கும்.

நாலாம் நாள் வந்த பேச்சுத்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தது.

“கண்ணு, வர்ற வியாழக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். நீ வரணும்னு சொல்லலே. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனா அன்னிக்கு ஒரு வார்த்தை பேசு. இத்தனை நாளா நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீ ஒரு பதில்கூடப் போட மாட்டேங்கிறே. பாட்டி மேலே என்ன கோபம்?”

இதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா? உடனே கூப்பிட்டேன்.

“பாட்டி, நான் உங்கள் பேத்தி இல்லை. இந்த நம்பர் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. நான் சென்னையில் இருக்கிறேன்” என்றேன்.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லிய குரலில், “அப்போ எம் பேத்திக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் என் வயிறு கலங்கிவிட்டது. “ஒன்றும் ஆகவில்லை பாட்டி, நம்பர்தான் மாறியிருக்கிறது. வீட்டில் வேறு யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்” என்றேன். பாட்டியின் மகன் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “அவ நம்பரை மாத்தி ஆறு மாசம் ஆச்சுங்களே! ஞாயிற்றுக்கிழமை தவறாம என் போனிலேதான் அம்மாகிட்டே பேசறா!” என்றார்.

அன்று சாயங்காலம் அந்தப் பேத்தியே என்னைக் கூப்பிட்டாள். பெங்களூரில் உத்தியோகம். அங்கே போனதும் ஏதோ சலுகை என்று புது நம்பர் வாங்கியிருக்கிறாள். பழைய சிம்மைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, புது நம்பரில் புதிதாக ஒரு வாட்ஸ்அப் கணக்கைத் தொடங்கிவிட்டாள். சிநேகிதிகளுக்கு ‘ஸ்டேட்டஸ்’ போட்டு அறிவித்தாள். குடும்ப குரூப்பிலும் எழுதினாள். பாட்டியோ அந்த குரூப்பிலேயே இல்லை. ஸ்டேட்டஸ் என்ற ஒன்று இருப்பதும் பாட்டிக்குத் தெரியாது. மகன் பழக்கிக் கொடுத்தபடி பேத்தியின் பெயரைத் தொட்டு, மைக்கை அழுத்திப் பேசுவது ஒன்றுதான் தெரியும். கண்ணில் புரை விழுந்திருந்ததால், பேத்தியின் படம் இருந்த இடத்தில் என் படம் வந்து உட்கார்ந்திருப்பதும் தெரியவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ ஏனம்மா கேட்கவில்லை, பாட்டி காலையில் பேசி அனுப்புவதை நிறுத்திவிட்டாரே என்று?” எனக் கேட்டேன்.

அவள் சற்றுத் தயங்கினாள். “பாட்டிக்கு முடியலை போலிருக்கு, கேட்டா சங்கடப்படுவாங்கன்னு விட்டுட்டேன். உள்ளுக்குள்ளே எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்” என்றாள்.

பாருங்கள், வேடிக்கையை! பேத்தி பதில் போடவில்லை என்று பாட்டிக்கு வருத்தம். பாட்டி பேசுவதில்லை என்று பேத்திக்கு வருத்தம். வாரா வாரம் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாதே என்று அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாத காலம் பாட்டியின் விடியற்காலை அன்பெல்லாம் ஆளில்லாத வீட்டு வாசலில் போட்ட கோலமாகப் போய்விட்டது.

★

பேத்தியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறோம். வீடு மாற்றும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம்! பால்காரர், பேப்பர்காரர், தபால்காரர், இஸ்திரி போடுகிறவர் எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம். நம்பர் மாற்றும்போது மட்டும் சிம்மைக் கழற்றினால் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

நீங்கள் கைவிட்ட நம்பர் எங்கே போகிறது தெரியுமா? 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் இதைப் பற்றி ஒரு வழக்கு வந்தது. ஒருவர் விட்டுவிட்ட நம்பரைக் குறைந்தது 90 நாட்கள் வரையில் வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்போது தெரிவித்தது. 90 நாள் கழிந்தால் கொடுக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? தமது அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டியவர் பழைய சந்தாதாரரே. நம்பரை விடுமுன் அதோடு இணைந்த வாட்ஸ்அப் கணக்கை அழித்துவிடலாம் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வாட்ஸ்அப்காரர்களும் தம் பங்குக்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்கு 45 நாட்கள் உபயோகமில்லாமல் கிடந்து, பிறகு அதே நம்பர் வேறொரு போனில் உயிர் பெற்றால், பழைய கணக்கின் விவரங்களை அவர்களே அகற்றிவிடுகிறார்கள். பழைய ஆசாமியின் படம் புது ஆசாமியின் தலையில் ஒட்டிக்கொள்ளாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாட்டியின் போனில் ‘பேத்தி’ என்று பதிந்திருக்கும் பெயரை அவர்களால் அகற்ற முடியுமா? அது பாட்டியின் போன் அல்லவா?

★

சரி, முறையாக மாற்றுவது எப்படி? பயப்படாதீர்கள். குக்கருக்கு வாஷர் மாற்றுவதைவிடச் சுலபம்.

வாட்ஸ்அப்பைத் திறந்து ‘செட்டிங்ஸ்’ என்ற இடத்துக்குப் போங்கள். அதில் ‘அக்கவுண்ட்’ என்று இருக்கும். அதற்குள்ளே ‘சேஞ்ச் நம்பர்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் பழைய நம்பர் என்ன, புது நம்பர் என்ன என்று இரண்டையும் கேட்கும். எழுதிக் கொடுத்தால் புது நம்பருக்கு 6 இலக்கச் சங்கேத எண் ஒன்று வரும். அதைப் போட்டதும் வேலை முடிந்தது. உங்கள் படம், குரூப்புகள் எல்லாம் புது நம்பருக்குக் குடிபெயர்ந்துவிடும். அதே போனில் இருக்கிற வரையில் பழைய பேச்சுக்களும் படங்களும் அப்படியே இருக்கும். பழைய நம்பரில் இருந்த கணக்கு அழிந்துவிடும். பெங்களூர்ப் பேத்தி செய்யத் தவறியது இதைத்தான்.

நடுவில் ஒரு கேள்வி வரும். அதை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். “நம்பர் மாறியதை உங்கள் மனிதர்களுக்குத் தெரிவிக்கட்டுமா?” என்று கேட்கும். எல்லாருக்குமா, இதுவரை உங்களுடன் பேசியவர்களுக்கு மட்டுமா, அல்லது நீங்களே பொறுக்கி எடுக்கிறவர்களுக்கா என்று மூன்று வழி உண்டு. தெரிந்தவர், தெரியாதவர், ஒரு தரம் வந்துபோன பிளம்பர் என்று எல்லாருடைய நம்பரும் நம் போனில் இருக்கும். அத்தனை பேருக்கும் புது நம்பர் போய்ச் சேருவதை விரும்பாத பெண்கள் தாமே பொறுக்கி எடுத்துக்கொள்வதே உத்தமம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நீங்கள் யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றாலும், நீங்கள் இருக்கிற குரூப்புகளுக்கு நம்பர் மாறிய சேதி தானாகப் போய்விடும். ஆகவே, அறிமுகமில்லாத கூட்டம் நிறைந்த குரூப்புகளிலிருந்து முன்கூட்டியே விலகிக்கொள்ளுங்கள்.

நம்பரோடு போனையும் மாற்றுகிறீர்களா? இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் பழைய போனிலேயே நம்பரை மாற்றுங்கள். பிறகு பேச்சுக்களையும் படங்களையும் ‘பேக்கப்’ எடுத்து வையுங்கள். கடைசியில் புது போனுக்குப் போங்கள். முறை தவறினால் குழந்தை முதல் முதல் ‘அம்மா’ என்று சொன்ன பதிவு காணாமல் போய்விட்டதே என்று பின்னால் தவிக்க நேரிடும்.

டெலிகிராம், சிக்னல் முதலியவற்றிலும் இதே மாதிரி செட்டிங்ஸிலேயே நம்பரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எதுவானாலும் பழைய சிம் உயிரோடு கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

★

இனி, பணத்தைப் பற்றி. பாங்கிக் கணக்கு, ஆதார், காஸ் சிலிண்டர், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் உங்கள் நம்பர்தான் எழுதியிருக்கிறது. பணம் எடுக்கவும் அனுப்பவும் வருகிற ஓ.டி.பி. சங்கேதம் பழைய நம்பருக்குப் போய் நின்றால் அது வேறொருவர் கையில் அல்லவா விழும்? இலவசமாகப் பேசும் செயலியில் மாற்றிவிட்டதால் பாங்கியில் தானாக மாறிவிடாது. ஒவ்வொன்றாகப் போய்த்தான் மாற்ற வேண்டும்.

முதலில் பாங்கி, அடுத்தது ஆதார், பிறகு மற்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரை அதற்கான சேவை மையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். யூ.பி.ஐ.யை நடத்தும் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன், கைமாறிய நம்பர்களின் விவரத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்று 2025-ல் பாங்கிகளுக்குக் கட்டளை இட்டிருக்கிறது. அவர்கள் திருத்துவது ஒரு புறம் இருக்க, நாமும் நம் கடமையைச் செய்துவிடுவோம்.

பல வீடுகளில் மனைவியின் பாங்கிக் கணக்குக்கும் காஸ் புஸ்தகத்துக்கும் கணவருடைய நம்பரைத்தான் கொடுத்திருப்பார்கள். அவர் ஒரு நாள் நம்பரை மாற்றிக்கொண்டு தம்முடைய கணக்குகளைச் சரி செய்துவிடுவார். அம்மாளின் கணக்கு ஞாபகத்துக்கு வராது! அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான், சங்கேதம் யாருடைய போனுக்கோ போய்க்கொண்டிருப்பது தெரியும். கணவர் காலமான வீடுகளில் இன்னும் மோசம். துக்கத்தில் அவருடைய நம்பரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மூன்று நாலு மாதங்கள் கழித்து விதவைத் தாயார் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். ஆகவே சகோதரிகளே, உங்கள் கணக்குக்கு உங்கள் நம்பரே இருக்கட்டும். இதில் வெட்கப்படவோ சண்டை போடவோ ஒன்றுமில்லை.

உண்மையில் நம்பரை மாற்றத்தான் வேண்டுமா என்றும் ஒரு கணம் யோசியுங்கள். சிக்னல் சரியில்லை, கட்டணம் அதிகம் என்பதற்காக மாற்றுகிறவர்களே அதிகம். அதற்கு நம்பரை விட வேண்டியதே இல்லை. அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகும் வசதி நம் தேசம் முழுவதும் 2011 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்பது 2015 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. ‘போர்ட்’ என்று எழுதி, இடம் விட்டு, உங்கள் நம்பரையும் எழுதி 1900-க்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆரம்பம். இதைக் கேட்டதும் பெங்களூர்ப் பேத்தி, “அடடா, யாரும் சொல்லலையே!” என்றாள். நீங்கள் உங்கள் வீட்டுப் பேத்திக்குச் சொல்லிவிடுங்கள்.

★

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். “அம்மா, என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இது என் புது நம்பர். அவசரமாகப் பணம் வேண்டும்” என்று ஒரு செய்தி வரும். பதறிப் போகாதீர்கள். நம்பர் மாற்றுவதையே வேஷமாகப் போட்டுக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பிள்ளையின் பழைய நம்பரையே முதலில் கூப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் புது நம்பரைக் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். குரல் சரியாக இருந்தாலும், நம் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வியைப் போடுங்கள். “தீபாவளிக்கு எந்தப் பட்சணம் கருகிப் போச்சு?” என்று கேட்டால் திருடனுக்கு விடை தெரியுமா? உங்களுக்கு வந்த 6 இலக்கச் சங்கேத எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள்.

★

இயந்திரம் நம் குரூப்புகளுக்குச் சொல்லும். நாம் பொறுக்கி எடுத்தவர்களுக்கும் சொல்லும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் படிக்கக் கண் தெரியாத ஒரு பாட்டி இருக்கிறார். பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் நம் நம்பரை எழுதி வைத்திருக்கும் ஒரு சித்தப்பா இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தரம் பொங்கலுக்கு மட்டும் கூப்பிடும் பழைய டீச்சர் இருக்கிறார். அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். முடிந்தால் நேரிலே போய், அவர்கள் போனை வாங்கிப் பழைய நம்பரை அழித்து, புதியதைப் பதிந்து, ஒரு தரம் கூப்பிட்டும் காட்டிவிடுங்கள். டைரியிலும் பெரிய எழுத்தாக எழுதி வையுங்கள். நேரே போக முடியாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகுமா? ஆகட்டுமே!

பாட்டியின் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வியாழக்கிழமை சௌக்கியமாக முடிந்தது. பேத்தி முதல் நாள் ராத்திரி பஸ்ஸைப் பிடித்து விடிவதற்குள் ஊருக்குப் போய்விட்டாளாம். பாட்டியின் போனில் தன் புது நம்பரைத் தன் கையாலேயே பதிந்தும் கொடுத்தாளாம்.

அப்புறம் பதினைந்து நாட்கள் என் போன் விடியற்காலையில் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஏதோ மாதிரி இருந்தது. பதினாறாம் நாள், ஐந்தே கால் மணிக்கு ‘டிங்’!

“ஏம்மா, சென்னைப் பொண்ணு! உன் நம்பரை அழிச்சுடறேன்னா எம் பேத்தி. நான்தான் இருக்கட்டும்னேன். இப்போ கண்ணு நல்லாத் தெரியுது. உன் படத்தைப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கே. நெத்தியிலே மட்டும் ஒரு பொட்டு வச்சுக்க.”

எழுந்து விளக்கைப் போட்டு, கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொண்டேன்.